மாலை போடக்கூடாத படம்

ஸ்காபரோவில் நான் துப்புரவு வேலை செய்கிற கட்டடத்துக்குப் பதினெட்டு மாடிகள். குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் எங்கள் தமிழ்ச் சனம். நானும் இரண்டாம் மாடியில் குடும்பத்தோடு இருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் என் முதல் வேலை, வாசல் கூடத்திலும் லிஃப்டுகளுக்குள்ளும் அனுமதியில்லாமல் ஒட்டியிருக்கும் நோட்டீசுகளை அகற்றுவது. அலுவலகத்தின் முத்திரை இல்லாத காகிதம் எதுவும் சுவரில் இருக்கக் கூடாது. பழைய சோபா விற்பனைக்கு, பிள்ளை பார்க்க ஆள் தேவை, கணக்குப் படிப்பிக்கப்படும் என்று எத்தனையோ காகிதங்களை அகற்றியிருக்கிறேன். அவற்றோடு சேர்த்து ஒரு பெண்பிள்ளையின் முகத்தையும் இரண்டு வருடங்களாக அகற்றினேன்.

அந்தப் பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. படத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள். தலைமயிரை ஒரு பக்கமாகப் பின்னி முன்னால் விட்டிருப்பாள். இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு. அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. மேலே ‘காணவில்லை’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக இருக்கும். கீழே அவள் கடைசியாக நின்ற பஸ் தரிப்பு, போட்டிருந்த உடுப்பு, பொலிசின் தொலைபேசி இலக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் வேலை செய்த இடங்களில் பொறுக்கியது. ஆனாலும் அந்தக் காகிதத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம்.

அவளுடைய தாய் ஆறாம் மாடியில் தனியாக இருக்கிறார். இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண். ரயிலும் பஸ்ஸும் மாறிப் போக இரண்டு நாள் எடுக்கும் வடக்கத்திய ஊர் ஒன்றிலிருந்து மகளின் படிப்புக்காக இங்கே வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும்.

அவர் ஞாயிற்றுக்கிழமை ஒட்டுவார். நான் திங்கட்கிழமை அகற்றுவேன். முதல் சில வாரங்கள் மற்றக் காகிதங்களைப் போலவே சுரண்டுதகட்டால் சுரண்டிக் குப்பைப் பையில் போட்டேன். ஒருநாள் தகடு அந்த முகத்தின் குறுக்கே போனது. வாயும் நாடியும் என் கையில் வந்தன, கண்கள் சுவரில் நின்றன. அதற்குப் பிறகு துணியை வெந்நீரில் நனைத்து ஓரங்களை ஊறவைத்துக் கிழியாமல் எடுக்கப் பழகினேன். எடுத்தவற்றை உடுப்புத் தோய்க்கும் அறையில், சனங்கள் வேண்டாத புத்தகங்களை வைக்கிற தட்டில் அடுக்கி வைப்பேன். அவர் எடுத்துப்போய்த் திரும்ப ஒட்டுவார். இப்படியே ஒரு வருடம் போனது. நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு திங்கட்கிழமை பார்த்தால், எல்லா நோட்டீசும் நீல நிற நாடாவால் ஒட்டப்பட்டிருந்தன. சுவருக்கு நிறம் பூசுகிறவர்கள் ஓரங்களில் ஒட்டுகிற நாடா. இழுத்தால் சத்தமில்லாமல் வந்துவிடும். தன் மகளை அகற்றுவதை அவரே எனக்குச் சுலபமாக்கித் தந்திருந்தார்.

ஒருநாள் லிஃப்டுக்குள் நான் வாளியோடு நிற்க, அந்தத் தாயும் எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். நோட்டீஸ் கதவுக்கு எதிரே இருந்தது. ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மற்றவரிடம் சொன்னார்.

“உதுகள் நேட்டிவ் ஆக்கள். குடிச்சுப்போட்டு எங்கையாவது கிடக்கும். இல்லாட்டி ஆரோடையாவது ஓடியிருக்கும்.”

“தாய் தேப்பன் பாத்தால்தானே,” என்றார் மற்றவர்.

தாய் பக்கத்திலேயே நின்றார். தமிழ் விளங்காததால் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்களும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வசனத்தை நான் அதற்கு முன்னமே கேட்டிருக்கிறேன். என் அக்கா தையல் வகுப்புக்குச் சைக்கிளில் போய் இராணுவத்தின் காவலரணைத் தாண்டி வராமல் போனபோது எனக்குப் பத்து வயது. சைக்கிளும் வரவில்லை. மூன்றாம் நாளே ஊருக்குள், ஆரோடையோ ஓடியிருப்பாள் என்ற கதை வந்துவிட்டது. முறைப்பாடு எழுதிய உத்தியோகத்தர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, பெட்டைக்கு யாரோடாவது பழக்கம் இருந்ததா என்பது. அம்மாவுக்குத் தனியாகப் போகப் பயம். முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அவவோடு நடப்பதற்கு நான்தான் இருந்தேன். என் படிப்பு அப்படித்தான் நின்றது. அம்மா சாகும்வரை அக்காவின் படத்துக்கு ஒரு பூ வைக்கவில்லை. சொந்தக்காரர்கள் வற்புறுத்தினால் ஒரே பதில்தான் சொல்வா.

“மாலை போட்டா, பிறகு ஆர் தேடுவினம்?”

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நடந்ததெல்லாம் தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்காகச் சொல்லக் கூடாது.

அந்த வருடம் மே மாதத்தில் எங்கள் சங்கம் ஒன்று, காணாமற்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களுக்காக ஒரு விழிப்புணர்வு நிகழ்வு வைக்க முடிவெடுத்தது. இங்கேயே பிறந்த பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்திதான் யோசனையைக் கொண்டுவந்தாள். எங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு தாய் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மாதங்களாக அவருடைய பல்கனியில் ஒரு சிவப்புச் சட்டை தொங்கியது. காற்றில் ஆடும், உள்ளே ஆள் இல்லை. பூர்வகுடிச் சனம் காணாமற்போன பெண்களுக்காக அப்படித் தொங்கவிடுவார்கள். எங்கள் ஆட்கள், இவ உடுப்பு எடுக்க மறந்துபோனா என்று நினைத்தார்கள். அலுவலகம், பல்கனியில் துணி காயப்போட அனுமதி இல்லை என்று கடிதம் கொடுத்தது. அந்தப் பிள்ளைதான் மேலே போய் விசயத்தைக் கேட்டு, தாயை நிகழ்வுக்கும் அழைத்துவிட்டு வந்தாள். நல்ல பிள்ளை. அவளில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நிகழ்வு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில். கதிரை அடுக்குவதும் பிறகு கூட்டுவதும் என் பொறுப்பு. சங்கத் தலைவர் நிகழ்ச்சி நிரலைக் கையில் தந்தார். மங்கள விளக்கேற்றல், மலர்மாலை அணிவித்தல், அகவணக்கம், தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, சிற்றுண்டி. எங்கள் கூட்டங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். வருடக்கணக்கில் ஒரே தாள். மேலே தலைப்பை மட்டும் மாற்றுவார்கள். முன்னால் ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, குத்துவிளக்கு. மேசை நடுவில் காணாமற்போன பிள்ளையின் படம், பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு. புருவத்தின் தழும்பு என் சின்னவிரல் அளவுக்குத் தெரிந்தது. தட்டில் ஒரு மாலை, வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் கலந்து கட்டியது.

அந்தத் தட்டைக் கண்டதும் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தேன். உயிரோடு இருக்கிற ஒருவரின் படத்துக்கு எங்கள் ஆட்கள் மாலை போடுவதில்லை. இறந்தவருக்குத்தான் போடுவோம். அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைக்கு இது தெரியாது. அவளுக்குப் பூ என்றால் பூ. மண்டபத்தில் அந்த நேரம் தெரிந்தும் யோசித்தும் நின்றவன் நான் ஒருவன்தான்.

மாலை போட வேண்டிய பிரமுகர் வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டார் என்று செய்தி வந்தது. தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்கள் இந்த பில்டிங் ஆள். அந்த அம்மாவுக்கும் உங்களைத் தெரியும். நீங்களே போட்டுவிடுங்கோ.”

“நான்… மாலை…” என்றேன்.

“வெக்கப்படாதேங்கோ. ரெண்டு நிமிச வேலை.”

மேடையில் ஏறியே அறியாதவன் நான். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வசனம் சொன்னால் போதும்: ஐயா, பிள்ளை சாகேல்லை. தலைவருக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். மாலையைத் தாய்க்குப் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மாலையை எடுத்து, படத்தின் இரண்டு பக்கமும் சரியாக விழும்படி போட்டேன். கமெராக்கள் மின்னின. எல்லோரும் எழுந்து தலை குனிந்து அகவணக்கம் செலுத்தினார்கள். தாயும் எழுந்து தலை குனிந்தார். தன் மகள் திரும்பி வரவேண்டும் என்று இத்தனை பேர் வேண்டுகிறார்கள் என்று அவர் நினைத்ததைப் பின்னர் அவரே சொன்னார்.

கதிரையில் இருந்ததும் அவர் என் பக்கம் சாய்ந்து, அந்தப் பூ எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். மரியாதை என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பிறகு அவர் பேசினார். பல்கலைக்கழகப் பிள்ளை அதைத் தமிழில் சொன்னாள். தன் தாயின் தங்கை நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லொறிக்குக் கைகாட்டி ஏறிப் போனது, தன்னோடு படித்தவளை ஆற்றிலிருந்து எடுத்தது, இரண்டுக்கும் யாரும் பதில் சொல்லாதது பற்றிச் சொன்னார். மகளைக் காணவில்லை என்று சொல்லப் போனபோது கேட்கப்பட்ட முதல் கேள்வி, அவள் குடிப்பாளா என்பது. இரண்டாவது, இதற்கு முன் ஓடிப் போயிருக்கிறாளா என்பது. சனம் உச்சுக் கொட்டியது. நான் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். லிஃப்டில் பேசிய இருவரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

“எனக்காக அழாதீர்கள்,” என்று அவர் முடித்தார். “அவளைப் பாருங்கள். பஸ்ஸில் பாருங்கள், கடையில் பாருங்கள், நீங்கள் வேலை செய்கிற இடங்களில் பாருங்கள். நீங்கள் இந்த நகரம் முழுக்க வேலை செய்கிறீர்கள். அழுதால் கண் தெரியாது.”

பெண்கள் அழுதார்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரோல்ஸும் வடையும் தேநீரும் கொடுத்தார்கள்.

படம் அன்று மாலையே எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. குத்துவிளக்கு, மாலை போட்ட படம், பக்கத்தில் கண்கலங்கிய தாய், மாலையில் கை வைத்தபடி நான். என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் பார்த்த படம் எனக்கு வேறொன்றும் இல்லை.

அடுத்த கிழமையே தொடங்கியது. லிஃப்டில் எங்கள் ஆட்கள் அந்தத் தாயைக் கண்டால் நெஞ்சில் கை வைத்து, ‘ஐ ஆம் சொறி’ என்றார்கள். ஒரு வயதானவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். ஒன்பதாம் மாடி அன்ரி சோறும் பருப்பும் மூன்று மரக்கறியும் வைத்து ஆறாம் மாடிக்கு அனுப்பினா. செத்தவீட்டில் அடுப்பு எரிக்க மாட்டார்கள் என்று நாங்கள் சமைத்து அனுப்புகிற சாப்பாடு. அந்தத் தாய்க்கு அது எப்படித் தெரியும்? எங்கள் சனம் தன்னோடு இருக்கிறது என்று மகிழ்ந்து, பாத்திரங்களைக் கழுவி, தன் ஊரிலிருந்து வந்த காட்டுப்பழத்தில் தானே காய்ச்சிய ஜாமை ஒரு போத்தலில் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார். அன்ரி அந்தப் போத்தலை என்னிடம் கொண்டுவந்தா.

“செத்தவீட்டுச் சாமான் வீட்டுக்கை வைக்கேலாது. எறியவும் மனமில்லை. நீர் கொண்டுபோம்.”

போத்தலை வாங்கினேன்.

ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் அந்தத் தாய் என்னிடம் கேட்டார், ஏன் உங்கள் ஆட்கள் எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று. அவர்கள் நல்லவர்கள், கவலைப்படுகிறார்கள் என்றேன். அவருக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் தங்கையும் அவருடைய புருசனும் விட்பி நகரிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சகலன் என்னைவிட இளையவர், பகிடி விடுகிறவர். விட்பியிலேயே, நெடுஞ்சாலையோரத்தில் பெற்றோல் நிரப்புகிற காஸ் ஸ்டேஷன் ஒன்றில் காசாளர் வேலை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“அண்ணை, உந்தப் பிள்ளையின்ரை நோட்டீசைக் கீழை இன்னும் ஏன் வைச்சிருக்கினம்? அது முடிஞ்ச அலுவலெல்லோ.”

“என்ன முடிஞ்சது?”

“செத்தவீடுதான். நீங்கள்தானே மாலை போட்டுக்கொண்டு நிண்டனீங்கள். குறூப்பிலை படம் வந்தது.” அவர் சிரித்தார். “எனக்கெண்டால் அதுக்குப் பிறகு பேய் வந்து காட்சி குடுத்தது, தெரியுமோ?”

பேய்க்கதை என்றதும் மனைவியும் தங்கையும் குசினியிலிருந்து வந்து கேட்டார்கள். ஜூன் மாதம் ஒருநாள், பட்டப்பகல். கடைக்குள் ஆள் இல்லை. ஒரு பெட்டை உள்ளே வந்து, போனை ஒருக்காத் தரேலுமோ என்று கேட்டிருக்கிறாள். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இவர் போனை எடுத்து நீட்ட முதல், வெளியே நின்ற வான் வண்டியிலிருந்து ஒருவன் ஹோர்ன் அடித்தான். பெட்டை திரும்பிப் போய்விட்டாள். அவ்வளவுதான் கதை.

“அவள்தான் எண்டு உமக்கு என்னெண்டு தெரியும்?” என்று கேட்டேன்.

“புருவம், அண்ணை. இடப் பக்கம் பிளந்துபோய்க் கிடந்தது. அதாலைதானே பேய் எண்டுறன்.”

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“செத்த பிள்ளையைக் கண்டன் எண்டு ஆருக்குச் சொல்லுறது? எனக்கெல்லோ பைத்தியம் எண்டுவினம்.”

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். என் முகத்தைக் கண்டு நிறுத்தினார். அவள் செத்துப் போனாள் என்று யாரும் சொல்லவில்லை, இன்னும் தேடுகிறார்கள் என்று சொன்னேன். அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு, அப்ப அது வேறை ஆரோ பெட்டையாயிருக்கும் என்றார். மனைவியின் தங்கை, பொலிஸ், கோடு, வழக்கு என்று அலைய ஏலாது, அவருக்கு வேலை இருக்கு என்றா. என் மனைவி, சாப்பாடு ஆறுது என்றா.

எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது. எழுந்து போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று கேட்டார்கள். அவர் போன் எடுக்கும்வரை நான் சாப்பிட வரமாட்டேன் என்றேன். இறைச்சிக்கறி மேசையில் ஆறியது. கால்மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருப்பேன். கடைசியில் சகலன் போனை எடுத்து, நோட்டீசில் இருந்த இலக்கத்தை அழுத்தினார். இலக்கத்தை நான் பார்க்காமலே சொன்னேன்.

பொலிசார் வந்தார்கள், எழுதினார்கள். காஸ் ஸ்டேஷனில் கமெரா இருந்தது. ஆனால் அது ஒரு மாதத்துப் படங்களைத்தான் வைத்திருக்கும். பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். ஜூன் மாதத்து முகம் ஜூலையிலேயே அழிந்துவிட்டது. அந்த வண்டியின் நிறம் கடும்நீலமா கறுப்பா என்று சகலனுக்கு நிச்சயமில்லை. அன்றே சொல்லியிருந்தால் என்ற கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் கேள்வி அவருக்குரியதல்ல.

அடுத்த நாள் ஆறாம் மாடிக்குப் போனேன். பொலிசார் முதல்நாளே தாயிடம் செய்தியைச் சொல்லியிருந்தார்கள். கண் வீங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். ஜூன் மாதம் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கண்டவர் ஏன் மூன்று மாதம் பேசாமல் இருந்தார் என்பதைச் சொன்னேன். மாலை என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம், சொறி என்றது ஏன், சோறு எதற்கு வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொற்கள் போதவில்லை. கழுத்தைச் சுற்றிக் கையால் மாலை போல் காட்டி, பிறகு கண்ணை மூடிக் காட்டினேன்.

அவர் கதவு நிலையில் கை வைத்தபடி கேட்டார்.

“பூவைப் போட்டபோது உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“நான் கேட்டபோது?”

“தெரியும்.”

என் அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எங்களுக்கும் நடந்தது என்று காட்டினால் குறைவாகக் கோபிப்பார் என்று நினைத்திருக்கலாம். சங்கத் தலைவரும் நிகழ்வில் அப்படித்தான் தொடங்கினார், நாங்களும் இழந்த சனம் என்று. அம்மா படத்துக்குப் பூ வைக்க விடவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

“உங்கள் அம்மா உங்கள் அக்காவுக்குச் செய்ய விடாததை,” என்று அவர் மெதுவாகச் சொன்னார், “என் மகளுக்குச் செய்தீர்கள்.”

கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் மூடினார்.

ஒன்றை நான் அவருக்குச் சொல்லவில்லை. அம்மா இறந்த பிறகு அவவின் படத்தை எங்கள் சாமியறையில் வைத்தோம். பக்கத்தில் அக்காவின் படம். பிளாஸ்டிக் மாலை சோடியாகத்தான் விற்றார்கள் என்று மனைவி இரண்டு வாங்கி, இரண்டு படத்துக்கும் போட்டா. அன்றும் நான் வாய் திறக்கவில்லை. ஆறாம் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் அக்காவின் மாலையைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனபோது அது திரும்பவும் படத்தில் கிடந்தது. தூசி பிடித்ததால் கழற்றினேன் என்று நினைத்து, மனைவி சவர்க்காரம் போட்டுக் கழுவி மாட்டியிருந்தா. இந்த முறை வாய் திறந்து, அக்கா செத்தவ எண்டு ஆர் சொன்னது என்று கேட்டேன். முப்பத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு இது என்ன கதை என்றா மனைவி. நான் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

மூன்று வாரம் சுவர்கள் வெறுமையாக இருந்தன. என் திங்கட்கிழமை வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. அவர் விட்டுவிட்டாரோ என்று பயந்தேன். நான்காவது திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்கும் அறைத் தட்டில் ஒரு கட்டு நோட்டீஸ் இருந்தது. அதே படம். ஆனால் கீழே கால்வாசி இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. கட்டின் மேலே ஒரு கறுப்புத் தடித்த பேனையும் நீல நாடாச் சுருளும். முதல் தாளின் வெறுமையான இடத்தில் ஆங்கிலத்தில், பென்சிலால் ஒரு வரி: உங்கள் ஆட்களுக்கு நீங்களே சொல்லுங்கள்.

மன்னித்தார் என்று நான் நினைக்கவில்லை. வேலை தந்தார்.

சாப்பாட்டு மேசையில் இருந்து நாற்பது தாளிலும் ஒரே வரிகளைத் தமிழில் எழுதினேன். இந்தப் பிள்ளை இறக்கவில்லை. தேடுகிறோம். ஜூன் மாதம் விட்பியில் உயிரோடு கண்டார்கள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. கண்டால் உடனே இந்த இலக்கத்துக்குச் சொல்லுங்கள். நான் ஒரு கடிதம் எழுதியே வருடக்கணக்காகிறது. எழுத்து ஏறியும் இறங்கியும் இருந்தது, ஆனால் தூரத்தில் நின்றே வாசிக்கலாம்.

சனிக்கிழமை, எங்கள் ஆட்கள் சாமான் வாங்க வருகிற பிளாஸாவுக்குப் போனேன். பலசரக்குக் கடையின் வாசல் கண்ணாடியில் மரண அறிவித்தல்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். கடைக்குள் போகும்போது எங்கள் சனம் அதைப் பார்க்காமல் போகாது. மறுபக்கக் கண்ணாடியில், கடைக்காரரிடம் கேட்டு, என் தாளை ஒட்டினேன். மற்றக் கடைகளுக்கும் போய் ஒட்டினேன். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால், பலசரக்குக் கடையில் யாரோ அதை இடம் மாற்றியிருந்தார்கள். மரண அறிவித்தல் வரிசையில், ஒரு முதியவருக்கும் ஒரு முதிய அம்மாவுக்கும் நடுவில், கோணல் இல்லாமல் அழகாக ஒட்டியிருந்தது. காசாளரிடம் கேட்டேன்.

“அங்காலை தனிய நிண்டது, அண்ணை. ஒருத்தரும் பாக்காயினம் எண்டு நான்தான் இஞ்சாலை ஒட்டினனான். அந்தியேட்டிச் சடங்கு எப்ப?”

“எழுதினதை வாசிச்சீரே?”

“படத்தைப் பாத்தவுடனை விளங்கும்தானே,” என்றார், அன்பாகத்தான்.

நோட்டீஸ் அகற்றுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. கிழியாமல் எடுத்தேன். கதவிலேயே, கண் மட்டத்துக்கு ஒட்டிவிட்டு, பக்கத்தில் நின்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் இரண்டு மணித்தியாலம் அங்கே நிற்கிறேன். முன்பின் தெரியாத ஆட்களோடு பேசுவது எனக்கு இன்றும் பல்லுப் பிடுங்குவது போலத்தான் இருக்கிறது. ஆறாம் மாடித் தாய் ஒருநாள் பஸ்ஸில் வந்து, வீதிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார். கையசைக்கவில்லை.

போன சனிக்கிழமை, இரண்டு கையிலும் பைகளோடு வெளியே வந்த ஒரு பெண், படத்தைக் கண்டதும் நின்றா. என் மனைவியின் வயதிருக்கும். பைகளைக் கீழே வைத்தா.

“ஐயோ, சின்னப் பிள்ளை. எப்ப எடுக்கினம்?”

“எடுக்கேல்லை, அக்கா. சாகேல்லை. தேடுறம். வாசிச்சுப் பாருங்கோ.”

அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தா. புருவம் என்ற இடத்தில் விரல் நின்றது. படத்தைப் பார்த்தா, திரும்ப வாசித்தா. இவ்வளவு கவனமாக அதுவரை ஒருவரும் வாசித்ததில்லை. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினா.

“எங்கடை பிள்ளையோ?”

“இல்லை. இந்த நாட்டுப் பிள்ளை. பூர்வகுடி.”

“ஓ, நேட்டிவ்,” என்றா.

கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்துவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனா. கடைக் கதவு திரும்பத் திறந்தது. அடுத்த ஆள் வெளியே வந்தார். படம் மறையாமல் நான் தள்ளி நின்றேன்.